பத்தாம் பிரபுவின் அண்ணன்

அந்த ஞாயிற்றுக்கிழமை வத்சலாவுக்கு நண்டு உடைக்கக் கை வரவில்லை. ஒரு நண்டை எடுத்தாள், கழுவினாள், திரும்பவும் சட்டிக்குள் போட்டாள். மறுபடி அதையே எடுத்துக் கழுவினாள். மறுநாள் காலையில் அவள் ஒரு வழக்கறிஞரின் முன்னால் உட்கார்ந்து, தன்னுடைய இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவன் எவன் என்று சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடமாக, கேட்ட எல்லாருக்கும் யோசிக்காமல் சொல்லிவந்த பதில்தான். யதுசன் மூத்தவன், நிஷாந்த் இளையவன். ஆனால் நாளைக்கு அதே பதிலைச் சொன்னால் அது பொய்ச் சத்தியமாகிவிடும். மாற்றிச் சொன்னால் யதுசனின் தலையில் மண்ணைப் போட்டதாகிவிடும்.

எல்லாம் ஒரு பட்டத்தால் வந்த வினை. வத்சலாவின் கணவர் ஹியூ வெள்ளைக்காரர். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவருடைய தொழில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்த தேவாலய மண்டபத்துக்குப் பியானோ பார்க்க வந்த மனிதர், அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வத்சலாவையும் பார்த்துவிட்டார். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகுதான், ஏதோ தனக்குச் சளித் தடிமன் பிடித்திருப்பதைச் சொல்வதுபோல, தன் தமையன் வென்ஹோல்ட் பிரபு என்று சொன்னார். அந்த வம்சத்தில் ஒன்பதாவது பிரபு.

பிரபு என்றதும் கோட்டை, குதிரை, கொடி என்று நினைத்துவிட வேண்டாம். முதலாம் வென்ஹோல்ட் பிரபு, அரசரின் போர்க்கப்பல்களுக்குக் கயிறு விற்ற வியாபாரி. விற்ற கயிற்றில் பாதி இற்றுப்போனது என்று அந்தக் குடும்பமே சொல்லிச் சிரிக்கும். நடுக்கடலில் கயிறு அறுந்தால் என்ன, ஆளும் கட்சிக்கு அள்ளிக் கொடுத்திருந்தார், பட்டம் வீடு தேடி வந்தது. இரண்டாமவர் தன்னுடைய ஜன்னலில் இருந்து பார்த்தால் ஏரி தெரிய வேண்டும் என்று ஒரு கிராமத்தையே கிளப்பினார். மூன்றாமவர் அந்த ஏரியைச் சூதாட்டத்தில் விட்டார். பின்னால் வந்தவர்கள் மிச்சம் மீதியை விற்றுச் சாப்பிட்டார்கள். பெரிய வீடு இப்போது ஹோட்டல். பாராளுமன்றத்தில் பரம்பரைப் பிரபுக்களுக்கு இருந்த இடமும் போய்விட்டது. ஒன்பதாமவர் லண்டன் பிம்லிக்கோவில் ஒரு சின்ன பிளாட்டில், செலவுக்குப் பயந்து ஹீட்டரைப் போடாமல், மேல்கோட்டோடு உட்கார்ந்து டீ குடித்தார்.

மிஞ்சியது ஒரு பெயரும், நீர்நாய் பொறித்த ஒரு மோதிரமும்தான். ஆனால் அந்தப் பெயர் கைமாறும் விதியில் மட்டும் இம்மியும் இளக்கம் கிடையாது. மூத்த மகனுக்கு, அவன் இல்லையென்றால் அடுத்தவனுக்கு. ஒன்பதாமவருக்குப் பிள்ளையில்லை. தம்பி ஹியூவும் முந்திக்கொண்டு போய்விட்டார். ஆகவே இந்த இலையுதிர் காலத்தில் பெரியவர் கண்ணை மூடியபோது, இருநூறு வருடப் பட்டம் நேரே கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து வத்சலாவின் கதவைத் தட்டியது.

அந்த வம்சக் கதையில் அவளைக் கலங்கடித்தது கயிறோ ஏரியோ அல்ல. இரண்டு கல்லறைகள். ஐந்தாவது பிரபு ஊருக்குத் தெரியாமல் ஒரு கல்யாணமும் ஊரறிய ஒரு கல்யாணமும் செய்திருந்தார். இரண்டு பக்கத்து மகன்மாரும் பட்டம் எனக்கு, எனக்கு என்று நீதிமன்றம் ஏறினார்கள். ஒருவன் வென்றான், மற்றவன் தோற்றான், சாகும்வரை இருவரும் பேசவில்லை. குடும்பத் தேவாலயத்தில் ஒருவன் வடக்குச் சுவரோரம் கிடக்கிறான், மற்றவன் தெற்குச் சுவரோரம். ஒன்பதாமவர் அவளையும் பிள்ளைகளையும் ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்டி, "பாருங்கள், செத்தும் முகம் கொடுக்கவில்லை" என்று வாய்விட்டுச் சிரித்தார். வத்சலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளின் கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இனி அவள் பக்கத்துச் சங்கதி. பிரசவ அறையில் முதலில் வெளியே வந்தவன் நிஷாந்த். பிறகு எல்லாரையும் பதறவைத்துவிட்டு வந்தவன் யதுசன். ஆஸ்பத்திரிக்காரர்கள் காலில் கட்டிய பட்டியில் அந்த ஒழுங்கிலேயே ஒன்று, இரண்டு என்று எழுதினார்கள். வத்சலாவின் குடும்பத்துக் கணக்கோ வேறு. முதலில் தரித்த கரு உள்ளே ஆழத்தில் இருக்கும், பிறகு தரித்தது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆகவே கடைசியாக வெளியே வருவதுதான் மூத்தது. அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் இரட்டையர்கள். பின்னால் வந்த அப்பாதான் கடைசிவரை அந்த வீட்டில் பெரியவர். டாக்டர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் யது அண்ணன், நிஷாந்த் தம்பி என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஹியூவுக்கு அது பெரிய வேடிக்கை. பிந்திப் பிறந்த குற்றத்துக்காக வாழ்நாள் முழுக்க இரண்டாம் இடத்தில் இருந்தவர் அவர். "பிந்தி வந்தவனுக்கும் ஒருமுறை மரியாதை கிடைக்கட்டும்" என்றார். தமையனுக்குப் பிள்ளை பிறக்காமலா போய்விடும் என்று இருவருமே நினைத்தார்கள். பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்த சின்னப் பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரம் இருக்காது. பிள்ளைகளும் அம்மா சொன்னதே வேதம் என்று வளர்ந்தார்கள்.

மூத்தவன் என்றால் சும்மாவா? சண்டை வந்தால் மூத்தவன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். சைக்கிள் முதலில் இளையவனுக்கு. நண்டுக் கறி வைத்தால் பெரிய கால் இளையவனுக்கு. பதினேழு வயதில் அவர்கள் தகப்பனை இழந்தபோது, "நீ மூத்தவன், இனி நீதான் பார்க்கவேணும்" என்று யதுவிடம் சொன்னதும் வத்சலாதான். அவன் மறுபேச்சுப் பேசாமல் படிப்பை விட்டுவிட்டு ஹீத்ரோ விமான நிலையத்தில் சரக்கு ஏற்றப் போனான். நிஷாந்த் கட்டடக்கலை படித்தான். அது லேசில் முடிகிற படிப்பா?

தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது அவளுடைய ஊர் முறை. வெள்ளைக்காரர் என்பதற்காக ஹியூவுக்கு அதில் குறை வைக்க அவளுக்கு மனமில்லை. யது தோளில் குடத்தோடு பெட்டியைச் சுற்றி வந்தான். லண்டன் தகனசாலையில் கொள்ளிக்குப் பதில் ஒரு பொத்தான், அதை அழுத்தினான். ஹியூவின் தமையன் தொப்பியைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்று, "ஏன் இந்தப் பையன் செய்கிறான்?" என்று கேட்டார். "இவன்தான் மூத்தவன்" என்றாள் வத்சலா.

பெரியவர் மெல்லத் தலையாட்டினார். போய் யதுவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையைப் பிறகு விடவேயில்லை. மாதாமாதம் பிம்லிக்கோவில் சாப்பாடு, வம்சக் கதை, யார் யாரை எப்படி அழைக்க வேண்டும் என்ற பாடம். போன வருடம் நீர்நாய் மோதிரமும் யதுவின் சுண்டு விரலுக்கு வந்தது. வெளியே முதலில் வந்தவன் மற்றவன் என்று தகனசாலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது எந்தப் பெண்ணுக்கு அந்த யோசனை ஓடும்? பிறகு ஓடியது. அதற்குள் யதுவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்ததை மென்று முழுங்கினாள். வருடக்கணக்காக முழுங்கிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். யது ஹவுன்ஸ்லோவில் இருந்து, சலவைக்குக் கொடுத்து எடுத்த சூட்டை மாட்டும் கொழுவியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். வந்ததும் அதைக் கதவில் மாட்டி, கசங்கியிருக்கிறதா என்று பார்த்தான்.

"அம்மா, கோசிகான்ர அப்பா ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சொல்லிப்போட்டார்" என்றான். கோசிகாவுக்கும் அவனுக்கும் சித்திரையில் கல்யாணம். "தாலிக்கு ஓடர் குடுக்கப் போனால், நகைக்கடைக்காரர் என்னை லோர்ட் எண்டு கூப்பிடுறார்."

"அப்ப இனி நான் உங்களைக் கண்டால் எழும்பி நிக்கோணுமோ அண்ணா?" என்றான் நிஷாந்த்.

"எழும்பி நிண்டால் காணாது. என்ர காரைக் கழுவோணும்."

இருவரும் சிரித்தார்கள். வத்சலா சோற்றைப் போட்டாள், கறியை ஊற்றினாள். கை பழக்கத்தில் பெரிய நண்டுக் காலை எடுத்து நிஷாந்தின் தட்டில் வைத்தது. யது அதைக் கவனிக்கக்கூட இல்லை. கவனிக்காமல் இருக்க அவன் எப்போதோ பழகிவிட்டான். அவளுக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது.

"நாளைக்கு நான் வரத்தான் வேணுமோ யது? எனக்கு முழங்கால் நோ."

"வராமல் ஏலாதம்மா. இரட்டைப் பிள்ளையள் எண்டதால முழுச் சான்றிதழும் எடுப்பிச்சிருக்கினமாம். பெத்த தாயின்ர வாயாலயும் கேக்கோணுமாம். ரெண்டு நிமிச வேலை."

முழுச் சான்றிதழ் என்றதும் அவளுக்குக் கையிலிருந்த அகப்பை நழுவியது. இரட்டைப் பிள்ளைகள் என்றால் அதில் பிறந்த நேரத்தையும் போட்டுவிடுவார்கள். ஹியூ அதை வாங்கிவந்த அன்று அவளுக்கே காட்டியிருக்கிறார்.

"யது," என்றாள். "அந்தப் பட்டம் கட்டாயம் வேணுமோ? ஒரு சதம் வருமானம் இல்லை. பெரியப்பா அதை வைச்சு என்ன கண்டவர்?"

யது சாப்பிடுவதை நிறுத்தினான். மோதிர விரலைப் பார்த்தான்.

"சதம் வராது எண்டு எனக்கும் தெரியும். ஆனா அம்மா, மூத்தவன் மூத்தவன் எண்டு இவ்வளவு நாளும் எல்லாம் என்னட்ட இருந்து போனதுதான். முதல் தரமா ஒண்டு என்னட்ட வருது. அதையும் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?"

நிஷாந்த் தலையைக் குனிந்துகொண்டான். வத்சலாவுக்கு வாய் வரை வந்தது. இப்போதே, இந்த மேசையிலேயே, மூன்று பேரும் மட்டும் இருக்கும்போதே சொல்லிவிட்டால் என்ன? நாளைக்கு அந்நியர் முன்னால் அவன் முகம் விழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

"யது..."

"என்னம்மா?"

"கறி உறைப்போ?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கைவிட்டுப் போனது. தன் கோழைத்தனத்தை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆத்திரப்பட்டு என்ன, வாய் திறக்கவில்லையே.

வழக்கறிஞரின் அலுவலகம் ஹொல்போர்னில் இருந்தது. வழக்கறிஞர் நடுத்தர வயது ஆங்கிலேயப் பெண். நல்ல மாதிரி மனுஷி. டீ கொடுத்தாள், பெரியவருக்கு அனுதாபம் சொன்னாள், வத்சலாவுக்கு முதுகு சாய நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டாள். யது நடுவில் உட்கார்ந்தான். சூட் அவனுக்கு அளவெடுத்தாற்போல இருந்தது. பிறகு வழக்கறிஞர் இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு யதுவைப் பார்த்தாள். மோதிரத்தைப் பார்த்தாள். மறுபடி தாள்களைப் பார்த்தாள்.

"உங்கள் பெரியப்பா என்னிடம் சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது" என்றாள் வழக்கறிஞர். "அம்மாவையே கேட்டுவிடுவோம். இருவரில் யார் முதலில் பிறந்தார்?"

யது சிரித்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பினான். அவனுக்கு ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. அந்தச் சிரிப்பை வத்சலா செத்தாலும் மறக்கமாட்டாள்.

"நிஷாந்த்" என்றாள்.

அவள் விடாமல், தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். உள்ளே முதலில் போனவன் கடைசியில்தான் வருவான் என்பதை, அப்பாவை, சித்தப்பாவை, ஹியூ சம்மதித்ததை. "வெளியே முதலில் வந்தது நிஷாந்த். ஆனால் மூத்தவன் யது. நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான்." சொல்லச் சொல்ல அது அந்த அறையில் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்கே விளங்கியது.

வழக்கறிஞர் குறுக்கே பேசாமல் கேட்டாள். சிரிக்கவும் இல்லை. "எனக்குப் புரிகிறது" என்றாள். "ஆனால் சட்டத்துக்கு உள்ளே நடந்தது தெரியாது. யார் முதலில் வெளியே வந்தார் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. பத்தாவது வென்ஹோல்ட் பிரபு உங்கள் மகன் நிஷாந்த்தான்."

"எனக்கு வேண்டாம்" என்று நிஷாந்த் எழும்பிவிட்டான். "நான் இதை அண்ணாவுக்குக் கொடுக்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?"

"வேண்டாம் என்று நீங்கள் துறக்கலாம். ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் துறந்தால், உங்கள் ஆயுள் முழுக்கப் பட்டம் சும்மா கிடக்கும். உங்கள் சகோதரருக்குப் போகாது."

யது மோதிரத்தைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். சரக்குப் பெட்டிகள் தூக்கித் தூக்கித் தடித்த விரல், மோதிரம் மூட்டைத் தாண்டி வர மறுத்தது. திருகினான், இழுத்தான், விரல் சிவந்துவிட்டது. வழக்கறிஞர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைசியில் அவன் ஆறிப்போன டீயில் விரலைத் தோய்த்து அதைக் கழற்றி, அம்மாவின் கைப்பையைத் திறந்து உள்ளே போட்டான்.

வெளியே வந்ததும் வழக்கம்போல யதுவின் கை அம்மாவின் பையைத் தூக்கப் போனது. அவள் எங்கே போனாலும் பை தூக்குவது மூத்தவன்தான். பாதியில் கை நின்றது. பையை எடுத்து நிஷாந்திடம் நீட்டினான்.

"பிடியுங்கோ அண்ணா."

நிஷாந்தின் முகம் வெளிறிவிட்டது. "அப்பிடிக் கூப்பிடாதேங்கோ அண்ணா" என்றான். யது முன்னால் நடந்தான். நிஷாந்த் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். நடுவில் முழங்கால் நோவோடு வத்சலா. ஒருவன் வடக்குச் சுவர், ஒருவன் தெற்குச் சுவர் என்று அவளுக்குள் அதே ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் பிரித்தேன், பெற்ற நானே என் வாயால் பிரித்தேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஹொல்போர்ன் ஸ்டேஷனில் முதல் எஸ்கலேட்டரில் இறங்கினார்கள். அங்கே வழி பிரிகிறது. கோலியர்ஸ் வுட்டுக்குப் போகிறவர்கள் அந்தத் தளத்திலேயே ரயில் ஏற வேண்டும். ஹவுன்ஸ்லோ ரயிலுக்கு இன்னொரு எஸ்கலேட்டர் கீழே இறங்க வேண்டும். யதுவுக்குப் பின்னேரம் ஷிப்ட். சொல்லிக்கொள்ளாமல் அவன் அந்தப் பக்கம் திரும்பினான்.

"யது!" என்று வத்சலா கூப்பிட்டாள். "என்னோட கோவமெண்டால் என்னை ஏசு. தம்பியோட கதைக்காமல் விட்டிடாதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவன் நின்றான். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான்.

"ஒண்டு கேக்கிறன் அம்மா. அப்பாவுக்கு ஆர் கொள்ளி வைச்சது?"

"நீதான் ராசா."

"உங்கட முறையில தாய்க்கு ஆர் வைக்கிறது?"

இவன் எங்கே வருகிறான் என்று அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இளையவன்" என்றாள்.

"இப்ப அந்த மனுசிக்கு முன்னால என்ன சொன்னீங்கள்? பிந்திப் பிறந்தது நான் எண்டு. அப்ப இளையவன் நான்." அவனுடைய குரல் உடைந்தது. "பட்டம் இவருக்கு. நீங்கள் எனக்கு. அதை நான் ஒருத்தருக்கும் விட்டுத்தரமாட்டன்."

தன் சாவைப் பங்கு பிரிக்கும் பிள்ளையைப் பார்த்து எந்தத் தாயாவது சந்தோஷப்படுவாளா? வத்சலா சந்தோஷப்பட்டாள். ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் அவனுடைய சூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் பத்தாம் வென்ஹோல்ட் பிரபு கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான்.

யது அவளுடைய கையை மெல்ல விலக்கிவிட்டு எஸ்கலேட்டரில் ஏறினான். படி அவனைக் கீழே கொண்டுபோனது. இடுப்பு மறைந்தது, தோள் மறையப் போனது. அப்போது அவன் திரும்பி அண்ணாந்து பார்த்து, அத்தனை சனத்துக்கும் நடுவில் கத்தினான்.

"வாற ஞாயிறும் நண்டு வையுங்கோ! பெரிய கால் எனக்கு!"

"வைக்கிறன் ராசா!" என்று வத்சலாவும் கத்தினாள்.

அவன் சிரிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டான்.